தாளில் இல்லாதது

என் மகன் கர்ட்டுக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியாது. இதை அவன் உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். எழுபதாம் வருட மாடல் பாரகுடா காரை வீட்டு வாசலில் நிறுத்தி, இரவல் வாங்கிய ஸ்பிரே கன்னால் நீலம் அடித்தான். மேப்பிள் மரத்துத் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. இடது மட்கார்டில் பெயின்ட் வழிந்து காய்ந்து கிடந்தது.

"தள்ளி நின்னு பாருப்பா, ஒண்ணும் தெரியாது" என்றான்.

"எவ்வளவு தள்ளி? கனடாவுல போய் நிக்கட்டுமா?"

அவன் அட்டூழியம் அதோடு நிற்கவில்லை. ஸ்பீக்கர் வைக்கக் கதவில் ஓட்டை போட்டான். நல்ல ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு பொம்மை சைஸில் ஒன்றை மாட்டினான். முப்பது வருடம் கார்த் தொழிற்சாலையில் கதவு மாட்டியவன் நான். அந்த ஓட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவனுக்கென்ன, ஞாயிற்றுக்கிழமையானால் அவன் அம்மா டோரீனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விடுவான். என்னையும் கூப்பிடுவான். அந்த நீலத்தில் நான் ஏறமாட்டேன் என்பேன். ஒரு தடவைகூடப் போனதில்லை.

ரிப்பேரான வண்டிகளை இழுத்துப்போகும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான் கர்ட். ஒரு ஜனவரி காலையில், நெடுஞ்சாலை ஓரம் யாருடைய காரையோ கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தபோது, பனியில் சறுக்கி வந்த வண்டி ஒன்று அவனை அடித்துவிட்டது. இருபத்தேழு வயது. பாரகுடா அப்போது இன்ஜின் இறக்கிய நிலையில் எங்கள் கராஜில் கிடந்தது.

அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டோரீன் கையிலிருந்த ஹாம் சாண்ட்விச்சைக் கடிக்கவே இல்லை.

"அந்தக் காரை நீ முடிப்பியா, ரஸ்?"

"முடிக்கிறேன்."

"அது வரைக்கும் நான் கராஜ் பக்கம் வரமாட்டேன். என்னால முடியாது. முடிஞ்சதும் கூப்பிடு. அவன்கூட போன மாதிரி ஒரே ஒரு தடவை அதுல உட்காரணும். எனக்கு அது போதும்."

அந்த ஒரு தடவைக்காகத்தான் ஆரம்பித்தேன். சத்தியமாக.

பின்சீட்டைப் பிரித்தபோது ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஒரு தாள் கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம். இந்தக் காரை எந்த நிறத்தில், என்னென்ன பாகம் வைத்துச் செய்ய வேண்டும் என்று அன்றைக்குத் தொழிற்சாலையில் அச்சடித்த தாள். ஓரத்தை எலி கடித்திருந்தது, மற்றபடி எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. பழைய கார் பைத்தியங்களுக்கு இது புதையல். எனக்கும் அப்படித்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் மாட்டினேன். அதற்கப்புறம் அது சொன்னதைத்தான் செய்தேன்.

நிறம் பழுப்பு என்று இருந்தது.

பக்கத்துத் தெரு ஆர்னி ஓய்வுபெற்ற டிங்கர். வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"பழுப்பா? டேய் ரஸ், சாணி கலர்ல யாராவது பாரகுடா வெச்சிருப்பானா? பையன் ஆசையா நீலம் அடிச்சிருக்கான்டா."

"தாள்ல பழுப்புன்னு இருக்கு."

"தாளு என்ன பைபிளா?"

"அவன் பேர்ல முடிக்கிற வண்டிடா. ஒருத்தன் ஒரு குறை சொல்லக் கூடாது."

நீலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கவே ஒரு இலையுதிர்காலம் முழுக்கப் போனது. மூக்கைச் சிந்தினால் நீலமாக வந்தது. கதவு ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, விரலால் தடவினாலும் தெரியாதபடி தேய்த்தேன். தாளில் உள்ள அதே ஸ்டியரிங்குக்காக ஒஹையோவரை போய் வந்தேன். கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் தயாரிப்பு மாதம்கூடப் பொருந்த வேண்டும் என்று எட்டு மாதம் காத்திருந்தேன். வீட்டுக்குள் டோரீன் காத்திருந்தாள். "இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்பதைக்கூட மூன்றாம் வருடத்தோடு விட்டுவிட்டாள்.

நான்கு வருடம் கழித்து, ஒரு மே மாதம், ஆர்னி விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துத் துழாவிவிட்டு எழுந்தான்.

"போன வாரம்தான் தொழிற்சாலைலேர்ந்து இறங்கின மாதிரி இருக்குடா" என்றான். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மறுநாள் ஞாயிறு. வண்டியை வாசலுக்கு எடுத்து நிறுத்திவிட்டு டோரீனைக் கூப்பிட்டேன். லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்தாள். நிறத்தைப் பார்த்து "ஓ" என்றாள், அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட்டேன். ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரஸ், எனக்கு முன்னாடி ஒண்ணும் தெரியலையே."

டோரீன் ஐந்தடிகூட இல்லை. அவள் கண்ணுக்கு நேரே டாஷ்போர்டுதான் இருந்தது.

"சீட்டுக்கு அடியில கர்ட் ரெண்டு இரும்புத் துண்டு வெச்சு ஒசத்திக் குடுத்திருந்தானே. உனக்கும் ரோடு தெரியணும்ல அம்மான்னு. அதைப் போட மறந்துட்டியா?"

மறக்கவில்லை. முதல் குளிர்காலத்திலேயே பார்த்தேன். கோணல்மாணலான வெல்டிங். எந்த முட்டாள் வேலை இது என்று திட்டிக்கொண்டே அறுத்து எடுத்தேன். தாளில் அது இல்லை. பழைய இரும்போடு போய்விட்டது.

"அது இல்ல, டோரீன்."

அவள் கதவை மெல்லத் தடவினாள். "இங்க ஸ்பீக்கர்..."

"அடைச்சிட்டேன்."

"அவன் கை பட்டது ஏதாவது இருக்கா ரஸ்? ஒரு போல்ட்டு இருந்தாகூடப் போதும். தொட்டுக்கறேன்."

அந்தக் காரில் எனக்குத் தெரியாத போல்ட் கிடையாது. முன்னாலிருந்து பின்னால் வரை மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். நான்கு வருடம் உட்கார்ந்து என் மகனைத்தான் தேய்த்து எடுத்திருக்கிறேன். எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"இல்ல" என்றேன்.

டோரீன் இறங்கினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"நீ வேணும்னு பண்ணலை. எனக்குத் தெரியும்" என்றாள்.

அதற்குப் பதில் கத்தியிருக்கலாம். அடித்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் உள்ளே போய்விட்டாள்.

நான் அவள் உட்கார்ந்திருந்த சீட்டில் போய் உட்கார்ந்தேன். நான் ஆறடி இரண்டு அங்குலம். எனக்குத் தெருக்கோடிவரை நன்றாகத் தெரிந்தது.