பென்சிலில் எழுதிய பாடத்திட்டம்

"அது சேராதும்மா."

"சேராதுன்னா?"

"கணக்குல சேராது. நீ எடுத்தது ப்ளான்ட் ஃபிசியாலஜி. பட்டத்துக்குக் கட்டாயம்னு இருக்கறது அனிமல் ஃபிசியாலஜி. அதுவும் லேபோட சேர்த்து."

"ரெண்டுல எது வேணா எடுக்கலாம்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னா?"

"என் அட்வைசர்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த உயிரியல் துறை எழுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார்.

"பழைய விதியில அப்படித்தான் இருந்தது. மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லா ஆசிரியருக்கும் சுற்றறிக்கை போச்சு. யார் படிக்கறா? நானே டைப் பண்ணேன், நானே படிச்சேன்."

"சரி சார், இப்ப சேர்ந்துக்கறேன்."

"எங்க சேர்றது? இருபத்து நாலு பேர், நிறைஞ்சு போச்சு. இனிமே அடுத்த வருஷம்தான். பதிவுல திருத்தம் பண்றதும் இன்னிக்கு நாலு மணியோட முடியுது. அதுக்கப்புறம் அந்த ஆண்டவனே வந்து கேட்டாலும் கம்ப்யூட்டர் திறக்காது."

மணி பன்னிரண்டு பத்து. அவள் வரிசையிலிருந்து விலகிப் படிக்கட்டுக்கு வந்தாள்.

மூன்றாம் ஆண்டின் கடைசிப் பருவம் அது. துறையில் அவளை ஈக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மரபியல் வகுப்புக்கான பழ ஈக்களை வளர்க்கும் சிறிய அறை அவள் பொறுப்பில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புட்டி மாற்றுவாள். மயங்கிக் கிடக்கும் ஈக்களை வெள்ளை ஓட்டில் கொட்டி, தூரிகை நுனியால் சிவப்புக் கண் ஒரு பக்கம், வெள்ளைக் கண் ஒரு பக்கம் என்று ஒதுக்கி எண்ணுவாள். பூச்சிகளால் பரவும் நோய்களை ஆராயும் கூடம் ஒன்று வேறொரு நகரத்தில் இருந்தது. அங்கே மூன்று முறை எழுதிப் பதிலில்லாமல், நான்காம் முறை எழுதியபோதுதான் பதில் வந்தது. பருவம் முடிந்த மறுமாதம் முதல் தேதி பட்டச் சான்றுடன் வந்து வேலையில் சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். சான்று இல்லாவிட்டால் என்ன என்று அவர்கள் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அக்காவுக்கு போன் செய்தாள். அக்கா பேருந்துப் பணிமனையில் எந்த ஓட்டுநருக்கு எந்த வழித்தடம் என்று பிரித்துக் கொடுப்பவள். அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும்.

"அக்கா, ஒரு சிக்கல்."

"பையனா, பாடமா?"

"பாடம்."

"அப்பாடா. சொல்லு."

சொன்னாள்.  அக்கா எடுத்த எடுப்பில், "மூணு வருஷமா ஈ ஓட்டினதுக்கு இதுதான் பலனா?" என்றாள்.

"சிரிப்பு வரலைக்கா."

"எனக்கும்தான் வரலை. இங்க பாருடி, வண்டி தப்பான ஊருக்குப் போச்சுன்னா நான் டிரைவரைத் திட்ட மாட்டேன். போர்டை மாட்டினது யாருன்னுதான் முதல்ல கேப்பேன்."

"அவங்க ரொம்ப நல்லவங்கக்கா."

"நல்லவங்கன்னா போர்டைச் சரியா மாட்டிடுவாங்களா? அழுதியா?"

"இல்ல."

"அழாத. நேரம் வீணாகும். போ, போய்க் கதவைத் தட்டு. நீ கேக்கறது என்ன பரம்பரைச் சொத்தா, ஒரு நாற்காலிதானே?"

முதலில் தட்டிய கதவு விலங்கு உடலியங்கியல் ஆய்வகத்துடையது. ஆய்வகத் தலைவர் தவளை சார். அங்கே தவளை அறுப்பதை நிறுத்திப் பல வருடமாகியும் பெயர் மட்டும் அவரை விடவில்லை. பன்னிரண்டு மேசைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இதயத் துடிப்பைப் பதியும் ஒரு கருவியும் அதற்கு இரண்டு முக்காலிகளும். அவர் ஒரு மேசைக்கு அடியில் மண்டியிட்டுக் கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மேசைக்கு ரெண்டு பேர்," என்றார் அங்கிருந்தபடியே. "ஒருத்தர் கையைக் குடுக்கணும், ஒருத்தர் அளக்கணும். மூணாவது ஆள் வேடிக்கை பாக்கத்தான். வேடிக்கை பாக்க சினிமா இருக்கு."

"நான் நின்னுகிட்டே பண்றேன் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அரை மணி நேரத்துல சாய்வாங்க, கருவி கீழ விழும்." அவர் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நீ ஈக்காரிதானே? காலையில ஒரு பையன் விலகிட்டான். ஒரு இடம் இருக்கு. உன் அட்வைசர்கிட்ட விதிவிலக்குக் கடிதம் வாங்கி, நீயும் கையெழுத்துப் போட்டு, நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல குடு. தாண்டினா வேற ஆள் காத்துக்கிட்டிருக்கான்."

 வாசல் வரை போனவள் திரும்பினாள். "சார், என்னை மாதிரியே இன்னும் சில பேர் மாட்டியிருந்தா?"

"சாயங்காலம் தனி பேட்ச் நடத்தலாம். குறைஞ்சது ஆறு பேர் வேணும். தப்பு நம்ம துறையோடதுன்னு அட்வைசர் இன்னிக்கு நாலு மணிக்குள்ள எழுத்துல ஒத்துக்கணும், அப்பதான் டீன் யோசிப்பார். யோசிப்பார்னுதான் சொல்றேன். ஒத்துப்பார்னு சொல்லலை. நான் இங்க வந்த நாள்லேர்ந்து அப்படி ஒரு கடிதத்தைக் கண்ணால பாத்ததில்ல."

ஆலோசகர் இரண்டே முக்காலுக்குத்தான் வகுப்பு முடிந்து வந்தார். மாணவர்கள் அவரைப் பாசி மேடம் என்பார்கள். பாசிதான் அவருடைய ஆராய்ச்சி. சன்னலோரத் தட்டுகளில் அவை பச்சைப் பச்சையாகப் பரவிக் கிடக்கும். பேசும்போதே எழுந்து அவற்றின் மேல் தண்ணீர் தெளிப்பார். ஈக்காரியைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். முதல் வருடம் வேதியியலில் தோற்றுப் பெட்டி கட்டியவளை உட்காரவைத்து, மூன்று சனிக்கிழமை சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஈ அறையின் சாவியை அவள் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவருக்கும் பதினைந்து நிமிடம். அதற்குள் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, எடுக்க வேண்டிய பாடங்களைப் பென்சிலில் எழுதி, பேனாவில் கையெழுத்திட்டுக் கொடுப்பார்; நகல் ஒன்றைத் தன் உறையில் வைத்துக்கொள்வார். அறுபது மாணவர்கள். அவர் எழுதினால் அதுதான் வேதம். யாரும் விதிப் புத்தகத்தைப் புரட்டியதில்லை.

ஈக்காரி தவளை சார் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னதும், அவளுடைய தாளை உறையிலிருந்து எடுத்தார். மூன்றாவது கட்டத்தில் அவருடைய சாய்வான எழுத்து: தாவர உடலியங்கியல் அல்லது விலங்கு உடலியங்கியல். அதற்குக் கீழே, 'முன்னதே போதும்.'

"நான்தான்," என்றார்.  "நான் படிச்சப்ப அப்படி இருந்தது. அதையே உங்களுக்கும் எழுதிட்டேன்."

பிறகு ஏதோ தோன்றியவராக உறையிலிருந்த மற்றத் தாள்களைப் புரட்டினார். மெதுவாகத் தொடங்கி வேகமாகப் புரட்டினார். மேசைக்கு எதிர்ப்பக்கம் தாள்கள் தலைகீழாகத் தெரிந்தன. தலைகீழாக எண்ணுவது ஈக்காரிக்குப் புதிதல்ல. ஈக்கள் எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடந்தாலும் அவள் எண்ணுவாள். அதே வரியோடு இறுதியாண்டுக்காரர்கள், அவளையும் சேர்த்து எட்டுப் பேர். ஐந்தாவது தாள் அவள் வகுப்புத் தோழன் தூங்குமூஞ்சியுடையது. எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் இந்நேரம் நூலகத்தில் மேசைமேல் கன்னம் வைத்துக் கிடப்பான்.

மேடம் உறையை மூடினார். "ஒரு இடம் இருக்குன்னு சொன்னாரில்ல? இரு, இப்பவே கடிதம் தரேன்."

தட்டச்சுச் செய்தார், அழித்தார், மறுபடி தட்டச்சுச் செய்தார். அச்சுப்பொறி தாளை வெளியே தள்ளியபோது மணி மூன்று பதினைந்து. ஈக்காரி வாசித்தாள். நான்கே வரி. இரண்டாவது வரி: 'மாணவி பாட விதிமுறைகளைத் தவறாகப் புரிந்துகொண்ட காரணத்தால்.'

"மேடம், நான் தவறாப் புரிஞ்சுக்கலையே."

"அது சும்மா ஒரு சம்பிரதாயம்மா. இப்படி எழுதினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உடனே போயிடும்."

"மத்த ஏழு பேர்?"

மேடம் தெளிப்பானை எடுத்தார், தெளிக்காமல் கீழே வைத்தார். "பாத்துட்டியா. அவங்களைப் பத்தி அப்புறம் பேசிக்கறேன்."

"அப்புறம்னா அடுத்த வருஷம் மேடம்."

"பதினெட்டாம் தேதி எனக்குக் கமிட்டி. என்னை நிரந்தரமாக்கறதா, அனுப்பிடறதான்னு அன்னிக்குத்தான் முடிவு." அவர் அவளைப் பார்க்காமல் தட்டுகளைப் பார்த்துச் சொன்னார். "எட்டுப் பேருக்குத் தப்பாச் சொன்னேன்னு நானே எழுதித் தந்தா, கமிட்டி அதுக்கு மேல என் ஃபைலைப் படிக்கவே வேண்டாம்."

ஈக்காரியின் கையில் பேனா இருந்தது. கடிதத்தின் அடியில் அவள் கையெழுத்துக்காகப் புள்ளிகளால் ஒரு கோடு. அதில் போட்டுவிட்டு ஓடினால் பன்னிரண்டாவது மேசையின் இரண்டாவது முக்காலி அவளுடையது. முதல் தேதி வேலையில் சேரலாம். வேண்டாம் என்றால் நான்கு மணிக்கு அந்த இடம் போய்விடும், டீன் யோசிப்பார், யோசித்து முடியாது என்றும் சொல்லலாம். மூன்று சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. கரும்பலகை இல்லாததால் சன்னல் கண்ணாடியில் மேடம் எழுதிக் காட்டிய சமன்பாடுகள்.  

தூங்குமூஞ்சியிடம் நாளைக்கு என்ன சொல்வாள்? எண்ணியவள் அவள். ஏழு பேரை எண்ணாததுபோல இருக்க அவளுக்கு வராது. தான் செய்யாத தப்பின் கீழே கையெழுத்துப் போடவும் வராது.

பேனாவை மூடினாள். கடிதத்தைத் திருப்பி, மேடம் வாசிக்கும் பக்கமாக நகர்த்தி, அதன் மேல் மூடிய உறையை வைத்தாள்.

"கமிட்டியில என்னைக் கூப்பிட்டா வந்து பேசறேன் மேடம். கூப்பிடலைன்னாலும் வெளியில வந்து நிப்பேன். எட்டுப் பேரையும் கூட்டிட்டு வரேன். அந்தத் தூங்குமூஞ்சியையும் எழுப்பிக் கூட்டிட்டு வரேன்."

 மேடம் உறையின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"மணி மூணு இருபதுதான் ஆகுது. டீன் ஆபீஸ் ரெண்டு மாடி மேல, நான் ஓடிடுவேன்." அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்தாள். "அந்த ரெண்டாவது வரியை எடுத்துடுங்க. நடந்ததை நடந்தபடி எழுதி, எட்டுப் பேரோட பேரையும் போட்டுத் தாங்க மேடம்."