வேலை உடுப்பு

கிளடிஸ் தகப்பனின் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் வேலை முடிந்த கையோடு, உடுப்பும் மாற்றாமல் ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்திருந்தாள். அவள் நேர்ஸாக இருக்கும் அதே ஆஸ்பத்திரி.

“அக்கா, மூச்சு ஏன் உப்பிடி இழுக்குது?” தம்பி சீமோன் கால்மாட்டில் நின்று கேட்டான்.

“கடைசியில உப்பிடித்தான். நோவுக்கு மருந்து போகுது, பயப்பிடாதை.”

முன்பின் தெரியாத ஒருவரின் சொந்தக்காரருக்குச் சொல்லும் குரல் அது. அவளுக்கே பிடிக்கவில்லை.

போன மாதம் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள், வேலையை விடப்போகிறேன் என்று. வார்டில் பாதி நேர்ஸ்மாரை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். மிச்சப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். சாகிறவரின் கையை ஒரு நிமிடம் பிடித்திருக்க நேரமில்லை. அப்பா அகஸ்ரின், “இந்த நாட்டில என்னை நேர்ஸின்ர தகப்பன் எண்டுதானே சனத்துக்குத் தெரியும்” என்றார்.

சீமோன் மனைவிக்குப் போன் எடுக்க வெளியே போன நேரம் அவர் கண் திறந்தது. அவளுடைய உடுப்பைப் பார்த்தார்.

“மிஸி,” என்றார், ஊர் ஆஸ்பத்திரியில் நேர்ஸைக் கூப்பிடுவதுபோல. “என்ர மகள் வந்திட்டாளோ?”

நான்தானப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் கை போர்வையைப் பிராண்டியது. தடுமாறுகிறவரோடு மறுத்துப் பேசக்கூடாது; அத்தனை வருட வேலை பழக்கியது அது.

“ஓம் ஐயா, வந்துகொண்டிருக்கிறா. நீங்கள் படுங்கோ.”

அவர் நம்பினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவில்லை.

சீமோன் வந்து வாசலிலேயே நின்றான். “அப்பா போயிட்டாரோ? நீ பாத்துச் சொல்லு.”

அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துச் சொன்னாள். அவன் அவளுடைய தோளில் சாய்ந்து குழறி அழுதான். அவள் ஒரு கையால் தலையணையைச் சரிசெய்தாள்.

அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று மண்டபம் நிறையச் சனம். சீமோன் கிட்ட வந்து மெல்லச் சொன்னான்: “அப்பா கடைசியா என்னட்டச் சொன்னது ஒண்டுதான். அக்காவை வேலையை விட விடாதை எண்டவர்.”

அவள் பதில் சொல்லுமுன், மோர்னிங்சைட் தெருவில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு யோகமலர் அன்ரி அவளுடைய கையைப் பிடித்தாள்.

“குடுத்துவைச்ச மனுசன். கடைசிமட்டும் நேர்ஸ் பிள்ளை பக்கத்தில.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “குறை நினையாதை பிள்ளை. கால் வீங்கிக் கிடக்கு, ஒருக்காப் பாக்கிறியே?”

கிளடிஸ் கறுப்புச் சேலையை ஒதுக்கிக்கொண்டு அன்ரி உட்கார்ந்திருந்த கதிரைக்கு முன்னால் குந்தினாள். கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. அது நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.