ஆம்புலன்ஸ் பட்டையும் பீரங்கி ஸ்டியரிங்கும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப்புத்தகத்தின் மேல் ஒரு கையும் சுத்தியலின் மேல் ஒரு கையும் வைத்துச் சொல்கிறேன். வெறும் புத்தகத்தின் மேல் அடித்துச் சொல்லிவிட்டுப் பொய் பேசினவர்கள் உண்டு. சுத்தியலை வைத்துக்கொண்டு பொய் பேசினவனுக்கு விரல் நசுங்காமல் போனதில்லை. என் விரல்கள் எல்லாம் சௌக்கியமாக இருக்கின்றன.

பெரிய சண்டை முடிந்த மறு வருஷம். பட்டாளம் தனக்கு வேண்டாமென்று ஏலம் விட்ட வண்டிகளில் இரண்டை வீரசோழன் ஊர்க்காரர் ஜமால் மைதீன் எடுத்தார். ஒன்று, பீரங்கி இழுத்த வண்டி. மற்றது, காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்த ஆம்புலன்ஸ். இரண்டும் நகராது. இரண்டையும் கழற்றி, நல்லதைப் பொறுக்கி, ஒரே பஸ்ஸாகப் பூட்டுவது என்று ஏற்பாடு. அருப்புக்கோட்டைக்கு வெளியே முள்ளடர்ந்த உடைமரங்களுக்கு நடுவில் கொட்டகை போட்டார்கள். கழற்றிப் பூட்டுவதற்கு மேஸ்திரி ஏசுவடியான். ஓட்டிப் பார்ப்பதற்குச் செல்வதுரை, அதாவது நான்.

அவசரத்துக்குக் காரணம் ஜமால் மைதீனின் மகள் மீரான் பீவி. அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். மாமனார் ஹனீபா குறுக்கே நின்றார்.

"மாட்டு வண்டியில ஏத்தி, எம் மருமகளை உருட்டிக்கிட்டுப் போக விடமாட்டேன் சம்பந்தி. குலுங்காத வண்டி கொண்டாங்க. அடுத்த பிறை தெரியிறதுக்குள்ள வரலைன்னா பேரப்பிள்ளை எங்க வீட்டுலதான் பொறக்கும்."

இதைக் கேட்டதிலிருந்து ஜமால் மைதீனின் மனைவி நூர் பீவி புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டு, தயிர்ப்பானையோடு பேச ஆரம்பித்தார். "ஏ பானை, தலைப்பிள்ளையை மாமியா வீட்டுல பெத்த பொண்ணு நம்ம ஊருல உண்டா? அவுகளைக் கேட்டுச் சொல்லு."

ஜமால் மைதீன் கொட்டகைக்கு ஓடி வந்தார். "மேஸ்திரி, பானைக்குப் பதில் சொல்லி முடியல. சீக்கிரம் பூட்டுங்க."

பூட்டினோம். வண்டி உறுமியது. நூர் பீவி அதே பானையில் தயிர் நிரப்பி அனுப்பி வைத்தார். "மொதல்ல இது போயிட்டு வரட்டும். பொறகு எம் மகளை ஏத்துறேன்" என்று சொல்லியனுப்பினார். பானையைப் பின்சீட்டில் வைக்கோல் பரப்பி உட்கார வைத்து, பரளச்சிக்கு ஓட்டினேன். பரளச்சி போய்ச் சேர்ந்தபோது தயிர் வெண்ணெயாகத் திரண்டிருந்தது. திரும்பி வந்தபோது நெய்யாக இருந்தது. வெயில் காலம்.

நூர் பீவி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாராம். "நெய் மணமாத்தான் இருக்கு. எம் மகளும் இப்படித்தான் வந்து சேருவாளா?"

ஏசுவடியான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு வெளியே வந்தார். அவர் தவறு செய்யும்போதெல்லாம் அந்தப் புன்னகை வரும். "பட்டை மாறிப்போச்சு மொதலாளி."

பட்டை என்பது வண்டியைத் தாங்குகிற, வில்லாக வளைந்த இரும்பு. பீரங்கி வண்டிப் பட்டை முறுக்கானது, இறங்கிக் கொடுக்காது. ஆம்புலன்ஸ் பட்டை மெத்தை மாதிரி இறங்கி ஏறும். கழற்றும்போது எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டார். எல்லாம் ஒரே பச்சை, ஒரே நீளம், ஒரே துரு.

"இப்ப எப்படிய்யா கண்டுபிடிப்பீரு?" என்றேன்.

"தட்டினா அதுவே சொல்லுமப்பா."

சுத்தியலை எடுத்து முதல் பட்டையைத் தட்டினார். 'டங்' என்று கேட்டு, உடைமரத்துக் காக்கைகள் எல்லாம் தரையில் படுத்துக்கொண்டன. "இது பீரங்கி." அடுத்ததும் அப்படியே. குவியலின் அடியில் கிடந்த ஒன்றைத் தட்டினார். சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டால், யாரோ நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, "உஷ்... உஷ்..." என்பதுபோல ஒரு மூச்சு. எத்தனை பேருடைய முனகலைச் சுமந்த இரும்பு! சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜமால் மைதீன், நின்றபடியே தூங்கிப்போனார்.

அப்படி மூச்சுவிட்ட பட்டைகளைப் பொறுக்கிப் பின்னால் பூட்டினோம். முன்னால் பீரங்கிப் பட்டையே இருக்கட்டும் என்றார் ஏசுவடியான். "ஓட்டுறவன் முழிச்சிருக்கணும்ல?" ஆம்புலன்ஸின் ஸ்டியரிங் பெட்டி விரிசல் விட்டிருந்ததால் அதுவும் பீரங்கி வண்டியுடையதுதான். இரண்டாவது முறை பானை போய் வந்தது. தயிரில் ஆடைகூடக் கலையவில்லை.

மறுநாள் காலை, நூர் பீவியையும் ஏற்றிக்கொண்டு ஹனீபா வீட்டுக்குப் போனோம். தெருவே திரண்டு நின்றது. வீட்டு முன்னால் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங் என் கையைத் தட்டிவிட்டுத் தானாகச் சுழன்றது. தெருவுக்குள் ஒரு வட்டம் போட்டு, ஹனீபா வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பீரங்கி இழுக்கிற வண்டி போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்பி நிற்கும்; அப்போதுதான் பின்னால் கட்டிய பீரங்கியின் வாய் எதிரியைப் பார்க்கும். ஸ்டியரிங்குக்குச் சண்டை முடிந்த சேதி தெரியாது.

ஹனீபாவின் முகம் கறுத்தது. "பார்த்தீகளா! பொண்ணெடுத்த வீட்டுல வந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறாக! முதுகைக் காட்டுறவுககூட எம் மருமகளை அனுப்பணுமா?"

நான் திருப்பி நிறுத்தினேன். அது மறுபடியும் முதுகைக் காட்டியது. தெருவில் சிரிப்பு கிளம்பியது. ஜமால் மைதீன் மேற்கே வானத்தைப் பார்த்தார். அன்று மாலை பிறை தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் வண்டிக்குள்ளிருந்து நூர் பீவியின் குரல் வந்தது. பின்கதவு திறந்தது. ஆம்புலன்ஸின் கதவு அது. படிக்கட்டு நேராக ஹனீபா வீட்டு நிலைப்படியில் போய் உட்கார்ந்தது.

"சம்பந்தி, மூஞ்சியத் திருப்பல. வாசலைத் திருப்பியிருக்கோம். எம் மகள் தெருவுல கால் வைக்க வேணாம், நாலு பேரு பார்க்க நிக்க வேணாம். உங்க வாசல்ல எறங்கி எங்க வாசல்ல ஏறட்டும்."

ஹனீபா படியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "ஆமா, இம்புட்டு மரியாதையா யாரு வண்டி விடுவா?" என்று தெருவைத்தான் அதட்டினார். "ஒதுங்குங்கப்பா!"

மீரான் பீவி ஏறி, அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தாள். புறப்பட்டோம்.

பின்னால் இருந்தவர்கள் ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் முன்பட்டை எலும்பெல்லாம் உதறியது. கண்ணாடியில் பார்த்தேன். தூக்கம் பின்கதவு வழியாகக் கசிந்து, பாதையில் வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் கடந்த இடத்தில் ஆடுகள் மேய்ந்தபடியே கண்ணை மூடின. பனைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தன. பருத்திக் காட்டில் வெடிக்க இருந்த காய்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டன. எழும்பிய புழுதி பாதியிலேயே உறங்கி, அந்தரத்தில் நின்றது. திருச்சுழியில் குண்டாற்று மணலில் இறங்கியபோது மணலுக்கும் தூக்கம் வந்து, கனவு கண்டது. ஆறு என்ன கனவு காணும்? தண்ணீரைத்தான். சக்கரத்தின் அச்சு வரை சலசலத்தது. அக்கரை ஏறியதும் திரும்பிப் பார்த்தேன், காய்ந்த மணல்.

வீரசோழனில் வண்டி தன் வழக்கப்படி திரும்பி, ஜமால் மைதீன் வீட்டு வாசலில் பின்படியை வைத்தது. பள்ளிவாசலுக்கு மேற்கே, நகத்தைக் கிள்ளிப்போட்ட மாதிரி பிறை.

நூர் பீவி மகளை மெல்ல எழுப்பினார். "தாயி, வண்டி குலுங்குச்சா?"

மீரான் பீவி கண்ணைக் கசக்கினாள். "வண்டி இன்னுமா கெளம்பல?"

பிள்ளை தாய் வீட்டில்தான் பிறந்தது. பிறந்து அழவில்லை, கொட்டாவி விட்டது.

பட்டாளத்து ஏலக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஜமால் மைதீன் அந்த ஏலத்தில் எடுத்தது இன்ஜினும் ஸ்டியரிங்கும் இல்லாத தண்ணீர்த் தொட்டி வண்டி ஒன்றே ஒன்று. அதை வீரசோழனுக்கு இழுத்துப் போனவை ஒரு ஜோடிக் காளைகள்.