அந்தோணியார் சப்பரத்தில் கற்றாழை

அரியலூர் ரயில் கேட்டில் கொடி காட்டி ஓய்வு பெற்று அந்தோணியார்புரத்துக்கு வந்த சவரியாருக்கு, எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் அதன் அடியில் ஓர் ஓட்டை போடக் கை அரிக்கும். ஓட்டை போட்டு, ஓடை மணலும் செங்கல் பொடியும் நிரப்பி, ஒரு கள்ளியையோ கற்றாழையையோ நட்டால்தான் அவருக்குச் சாப்பிட்ட சோறு செரிக்கும். உடைந்த அரிக்கேன் விளக்கில் பிரண்டை ஏறிக்கொண்டிருந்தது. உலகச் சண்டைக்குப் போய் வந்தவன் கொடுத்த இரும்புத் தொப்பியில் திருகுகள்ளி முறுக்கிக்கொண்டு நின்றது. மனைவி அற்புதம்மாளின் இட்லிக் குண்டானில் நடுவில் உயரமாகச் சதுரக்கள்ளி, சுற்றிலும் குட்டையாகச் சோற்றுக்கற்றாழை, விளிம்பில் வழிகிறாற்போல ரணகள்ளி. அதைப் பார்க்க ஜெயங்கொண்டம் பஸ்ஸே ஒருமுறை நின்று போனது என்பார் சவரியார். டயர் வெடித்து நின்றது என்பாள் அற்புதம்மாள்.

சண்டை முடிந்த மறுவருஷம் மழை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அந்தோணியார்புரத்துக் கிணற்றில் வாளியை விட்டால் தவளை மேலே வந்து, "இன்னும் ஊறலை, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் அந்தோணியார் திருநாள் சப்பரத்துக்கு ரோஜா கொடுக்கும், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் செல்வநாதன் உபதேசியாரின் தோட்டத்தில் முள் மட்டும் பாக்கி.

"சப்பரத்துக்கு இந்தத் தடவை காகிதப் பூதான்" என்று பங்குச் சாமியார் பெருமூச்சு விட்டார்.

"தண்ணியே கேக்காத தோட்டம் நம்ம வூட்டுல இருக்குங்க சாமி!" என்று சவரியார் குதித்தார்.

அற்புதம்மாள் விடவில்லை. "சாமி முன்னாடியே சொல்லிடுறேன். இவரு செடியில சப்பரம் பச்சைப்பசேல்னு ஊரைச் சுத்தி வந்துச்சுன்னா, என் பாத்திரமெல்லாம் இவருக்கே. இல்லேன்னா அத்தனையும் கொட்டிக் கவுத்து அடுக்களைக்கு வந்துரணும். ஓட்டைக்கு நான் ஈயம் பூசிக்கிறேன்."

"சம்மதம்!" என்றார் சவரியார். சொன்ன பிறகுதான் இட்லிக் குண்டானை நினைத்துக்கொண்டார்.

கொடியேற்றத்தன்று தொட்டிகள் எல்லாம் கோயிலுக்குள் போய் வரிசையாக உட்கார்ந்தன. கீழே விரித்த வெள்ளைத் துணியில் கறை படுமே என்று உபதேசியார், நல்ல மனசோடு, ஒவ்வொரு தொட்டியின் ஓட்டையையும் மெழுகு வைத்து அடைத்தார். சவரியாரிடம் சொல்லவில்லை. அன்று பிரசங்கத்தில் சாமியார், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறவனுக்கு மோட்சத்தில் நிழலான இடம் உண்டு என்று உருகினார். ஊர் சனம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஒன்பது நாளும் நவநாள் ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லாம், தங்கள் தொண்டையைக் காயப்போட்டுவிட்டு, சொம்பில் கொண்டுவந்த தண்ணீரை யாரும் பார்க்காத சமயத்தில் தொட்டிகளில் ஊற்றினார்கள். காவிரி போகாத இடத்துக்கு அந்தோணியார்புரத்து பக்தி போனது.

திருநாளுக்கு முந்தின நாள் காலை சவரியார் போய்ப் பார்த்தார். சதுரக்கள்ளி அவர் விரலைத் தாங்காமல் பொதுக்கென்று சரிந்தது. கற்றாழை கூழாகியிருந்தது. நெடி தாளாமல் வௌவால்கள் வேறு கோயில் பார்த்துப் போய்விட்டன.

பக்கத்து வீட்டு விண்ணரசி கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு சொம்பு சேத்து ஊத்தியிருந்தா பொழைச்சிருக்குமோ என்னமோ, பெரியப்பா."

அற்புதம்மாள் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு, குண்டான் தேய்க்கக் கொல்லையில் இடம் பார்த்தாள்.

அப்போதுதான் சவரியாருக்கு வாசற்படிகள் ஞாபகம் வந்தன. கண் படாமலிருக்க ஊரில் எல்லா வீட்டு நிலையிலும் கறுப்புக் கயிற்றில் தலைகீழாகக் கற்றாழை தொங்கிய காலம் உண்டு. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, காற்றைக் குடித்தே வாழும். மூடநம்பிக்கை என்று சாமியார் போன தவக்காலத்தில் அத்தனையையும் இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். ஆனால் எறிந்ததாக யாரும் சொல்லவில்லையே!

வீடு வீடாகப் போய்க் கேட்டார்.

"அந்தக் கருமமா? எங்க வூட்டுலயா? அந்தோணியார் சத்தியமா இல்ல" என்றார்கள் எல்லோரும், மாட்டுக்கொட்டகை வாசலை மறைத்து நின்றுகொண்டு.

சவரியார் நேரே விண்ணரசியிடம் வந்தார். அவளிடம் சொன்னால் தந்தி ஆபீஸ் தேவையில்லை.

"விண்ணரசி, ரகசியம். சாமி இந்த வருஷம் வீடு மந்திரிக்க வரப்போ, அடுக்களை, பரண், மாட்டுக்கொட்டா எல்லாத்துலயும் தீர்த்தம் தெளிப்பாராம்."

"மாட்டுக்கொட்டாயிலயுமா!"

"எங்கிட்ட செடி இருந்தா சப்பரத்துல கலந்துருவேன். யாரு வூட்டுதுன்னு அந்தோணியாருக்கே தெரியாது. நமக்கென்ன, நம்ம கிட்டதான் இல்லையே."

பொழுது சாய்வதற்குள் சவரியார் வீட்டு வேலியோரம் முந்தானையிலும் கூடையிலும் மூடிக்கொண்டு கற்றாழைகள் வந்து விழுந்தன. செல்வநாதன் உபதேசியார் ஒரு பெட்டியையே வைத்துவிட்டு, வேறு யாரோ மாதிரி இருமிக்கொண்டு போனார்.

தலைகீழாகத் தொங்கி வெளிச்சத்துக்காக மேல்நோக்கி வளைந்த மடல்கள் அவை. நிமிர்த்தி நட்டபோது, எல்லாம் வெளிப்பக்கமாகக் கீழே வளைந்து வழிந்தன. ஊற்று பீறிட்டு நாலாபுறமும் விழுகிற மாதிரி இருந்தது. சவரியார் அடியில் வெண்மணல் தூவி, பெரியதைப் பின்னாலும் சின்னதை முன்னாலும் நிறுத்தினார். தண்ணீரே இல்லாத ஊரில், மறுநாள் சாயங்காலம் அந்தோணியார் பச்சை நீரூற்றுகளுக்கு நடுவே கிளம்பினார். பக்கத்து வரதராசன்பேட்டையிலிருந்து வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

சாமியார் சப்பரத்தைச் சுற்றி வந்து, ஓரிடத்தில் நின்றார்.

"சவரியாரே, அந்தோணியார் காலடியில கறுப்புக் கயிறு தொங்குதே?"

உபதேசியார் வானத்தைப் பார்த்தார்.

"ஊர்க் கண்ணு அத்தனையும் இன்னிக்கு அவரு மேலதானுங்களே சாமி" என்றார் சவரியார்.

சாமியாரின் தாடி இரண்டு முறை குலுங்கியது. "தூக்குங்கப்பா சப்பரத்தை!"

திருநாள் முடிந்ததும், அவரவர் செடியை அவரவர் எடுத்துப்போகலாம் என்று சாமியார் அறிவித்தார். ஒரு கை நீளவில்லை. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்த பொருளை எப்படி வாங்குவது? அத்தனையும் சவரியார் வீட்டுக்கே வந்தது. அற்புதம்மாள் அடுக்களையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குண்டான் போனது போகட்டும். மிச்சத்துல கை வச்சீங்க, உங்களையே தொட்டியில நட்டுருவேன்."

அடுக்களையில் கை வைக்க அவசியமில்லாமல் போனது. மறுநாளிலிருந்து கொல்லைப்பக்கமாக ஒவ்வொருவராக வந்தார்கள். "சூட்டுக்கு நல்லதாமே, ஒரு செடி குடுங்களேன்."

"குடுக்கலாம். ஒரு ஓட்டைப் பாத்திரம் கொண்டாங்க" என்றார் சவரியார்.

அண்டா வந்தது, தோசைச்சட்டி வந்தது, மண்ணெண்ணெய் டின் வந்தது. கடைசியாகச் சாமியார் வீட்டுச் சமையல்காரர் தங்கராசு, அடி போன பித்தளைச் செம்பை மேல்துண்டில் மூடிக்கொண்டு வந்து நின்றார்.

"சாமி ஒரு செடி கேட்டாரு. சும்மா அழகுக்குத்தான்."

சவரியார் உள்ளதிலேயே கொழுத்த கற்றாழையாகப் பார்த்து எடுத்து, மண்ணைத் தட்டினார்.

"கயிறு இருக்கட்டுமா, அறுத்துரட்டுமா?"

தங்கராசு தெருவை இருபுறமும் பார்த்துக்கொண்டார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே."