லீவுக்குச் சொன்ன காரணம்

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் உருப்படியாகச் சொன்ன ஒரே பொய், மேட்ச் பார்க்க லீவு கேட்டபோது சொன்னதுதான். "வயித்துப்போக்கு சார், எந்திரிக்கவே முடியல" என்று சூப்பர்வைசரிடம் போனில் முனகிவிட்டு, மகளோடு சோபாவில் சாய்ந்துகொண்டு, நான் வறுத்து வைத்ததையெல்லாம் காலி செய்தார். வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை.

அடுத்த வாரம் வேலையில் பெட்டி தூக்கும்போது கால் இரண்டும் துவண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அதே சூப்பர்வைசர். "போன வாரம் வயித்துப்போக்குல கிடந்தாரு டாக்டர்" என்று அவரே சொல்ல, அது அப்படியே பதிவாகிவிட்டது. வேலை போய்விடுமோ என்று இவரும் வாயைத் திறக்கவில்லை.

நரம்பு நோய் என்றார்கள். அந்த மாதம் கம்பெனியில் வரிசையில் நிற்கவைத்துப் போட்ட காய்ச்சல் தடுப்பூசியால் அபூர்வமாக இப்படி வரலாம் என்று, ஊசியால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடுக்கும் நஷ்டஈட்டுக் குழுவே ஒத்துக்கொள்கிறது. ஆனால் வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கும் இதே நோய் வருமாம். அதுதான் அதிகமாம். ஆக, இவர் வயிறு நன்றாக இருந்தது என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். நன்றாக இருந்த வயிற்றுக்கு எங்கே போய் சர்ட்டிபிகேட் வாங்குவது?

விசாரணையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இவர் உண்மையைச் சொன்னார்.

"அப்ப சொன்னது பொய்யா, நஷ்டஈட்டுக்காக இப்ப சொல்றது பொய்யா?" என்று கேட்டார் குழுவிலிருந்த டாக்டரம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் கண்ணால பார்த்தேன் மேடம்" என்றேன். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்பதுபோல் பார்த்தார்கள்.

எங்கள் வக்கீல் கடைசியாக நம்பியது சூப்பர்வைசரை. இவர் நாணயமான ஆள் என்று அவர் சொன்னால் போதும் என்றார். லீவு விஷயத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன், வேண்டாம்மா" என்று இவர் கெஞ்சினார். பாவம் பார்த்துத் தொலைத்தேன்.

வெளியே காத்திருந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள்.

"இவர் பொய் சொல்லக்கூடியவரா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"யாரு, இவரா? என்கிட்ட இத்தனை வருஷத்துல ஒரு பொய் பேசினதில்ல மேடம்."

"வயித்துப்போக்குன்னு சொன்னது?"

"சத்தியமா நிஜம். போன்ல குரலே எழும்பல, பாவம்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். வக்கீல் தரையைப் பார்த்தார். அந்த நல்ல மனுஷன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு வெறி வந்தது, ஆனால் அழுகைதான் வந்தது.

அவர் நேராக இவரிடம் வந்து தோளைத் தட்டினார்.

"கவலைப்படாத தம்பி. உன்னைப் பத்தி நல்லபடியா சொல்லிட்டேன்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார்.