கொப்பளித்த தண்ணீர்

இது கார்த்திகையில் நடந்ததா, மார்கழி பிறந்துவிட்டிருந்ததா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. சரிதாவே ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறாள்.

கல்யாணமாகி வந்த சங்ககிரி வீட்டில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. சந்தையில் வாங்கிய கொத்தமல்லிக் கட்டுக்குள் ஒருநாள் நசுங்கிய நத்தை ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து ரசம் என்றாலே குமட்டல். கடைசியில் தனியாவை டம்ளர் அடியால் தேய்த்து, இரண்டாக உடைத்து, கொல்லைக் குழாயடியில் பழைய பெயிண்ட் வாளியில் விதைத்தாள். மாமியார் இல்லாத வீடு. ஏன் என்று கேட்க ஆளில்லை. செடி புதராக வந்தது. தன் கையால் வளர்த்தது என்பதால் அதைக் கிள்ளிப் போட்ட ரசத்தை மட்டும் அவளால் குடிக்க முடிந்தது. உடம்பும் கொஞ்சம் தேறியது.

ஒருநாள் வழக்கத்தைவிட முன்னதாகக் கொல்லைக்குப் போனாள். மாமனார் சென்றாயன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். அடித்தொண்டையிலிருந்து காறி, வெற்றிலைச் சிவப்பேறிய நுரையோடு கொப்பளித்து, வாளிக்குள்ளேயே விட்டார். இளம் இலைகளில் கோழை நூலாகத் தொங்கியது.

"மாமா! அதுக்குள்ளயா துப்பறீங்க?"

"துப்பறதா? தண்ணி பாய்ச்சறேன் சாமி. லாரில ஒரு பாட்டல் தண்ணிதான், பல்லுக்கும் மூஞ்சிக்கும். கொப்பளிச்சதக்கூட வீணா உடமாட்டேன், ரோட்டோரச் செடிக்குத்தான். மொளச்சதுலருந்து நாந்தான் இதுக்கு ஊத்தறேன். உன்ற ஒரு சொம்புத் தண்ணிக்கு இப்படி வருமா?"

முந்தின இரவின் ரசம் அவள் வாய்வரை ஏறி வந்தது.

சத்தம் கேட்டு வந்த புருஷன் குருமூர்த்தி சிரித்தான். "அப்பன் கொப்பளிச்சதுல விஷமா இருக்குது? கழுவிப்போட்டாத் தீந்துது."

அவள் செடி முழுவதையும் வேரோடு பிடுங்கினாள். குப்பைக்குக் கொண்டுபோகும் முன் சென்றாயன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அட, சட்னிக்கா? இரு அம்மிணி, நானே அரைக்கறேன்."

அப்பனும் மகனும் இட்லியை அதில் புரட்டிப் புரட்டித் தின்றார்கள். பச்சை விழுது சென்றாயனின் கடைவாயில் வழிந்தது. நாக்கை நீட்டி அதையும் நக்கினார்.

"ஒரு வாய் தின்னு பாரு சாமி."

சரிதா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு புருஷனிடம் சொன்னாள்: "இந்த ஊட்டுல இனி எனக்குப் பச்சத்தண்ணிகூட எறங்காதுங்க."

தையில் இருவரும் மல்லசமுத்திரத்தில் தனிக்குடித்தனம் வைத்தார்கள். சரிதா கொத்தமல்லி இல்லாமலே சமைக்கிறாள். குருமூர்த்தி போட்டதைச் சாப்பிட்டு எழுகிறான். சென்றாயன் சங்ககிரியில் தானே பொங்கித் தின்கிறார்; மருமகள் ஏன் போனாள் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.