மூடியில் ஒட்டிய சீட்டு

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை யாரும் கேட்கவில்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அண்ணியை வைத்து எழுதினால் பேர் கிடைக்கும் என்று, போன வாரம் நானாகத்தான் அங்கே போய் மூக்கை நுழைத்தேன்.

முதல் வரி: 'நடுக்கடலில் எண்ணெய் கறுப்பாகப் பரவியது, அவள் விழிகளில்...'

(அடித்துவிட்டேன். அண்ணி படித்துவிட்டு, "கடலா? நான் பாக்குறது வண்டிப் பட்டறைச் சாக்கடைத் தண்ணி, தம்பி" என்றார்.)

2.

சாதாரணக் களிமண் தண்ணீரைக் கண்டால் ஊறிக் குழைந்துவிடும். அதில் சோப்பு மாதிரி ஒரு பொருளை ஏற்றினால் குணமே மாறி, தண்ணீரை ஒதுக்கி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அண்ணியின் மூன்று வருட உழைப்பு இது. பழைய மண், மாற்றிய மண் இரண்டுமே பார்வைக்கு ஒரே வெள்ளைப் பொடி.

[அந்த ஆய்வகத்தில் பெயர்ச்சீட்டை ஜாடியில் ஒட்ட மாட்டார்கள், மூடியில்தான். மேலிருந்து பார்க்க வசதியாம். இதை மறந்துவிடாதீர்கள்.]

3.

இன்று காலை மூன்று அதிகாரிகள் வந்தார்கள். மண் வேலை செய்தால் ஆராய்ச்சி தொடரும், இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள்.

'மாற்றியது' என்ற ஜாடியைத் திறந்து, எண்ணெய்த் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார் அண்ணி. மண் எண்ணெயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரைக் குடித்துச் சேறாகிவிட்டது.

"பரவால்லம்மா, செடி வைக்கலாம்" என்றார் மூத்த அதிகாரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அண்ணி காகிதத்தை எடுத்தார். "என் செய்முறையே தப்பு. மூடிடுங்கன்னு நானே எழுதிக் குடுத்துடுறேன்."

"சாப்ட்டுட்டு எழுதேன்" என்றான் அண்ணன். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

4.

முடிவு ஒன்று: கோளாறை அண்ணியே கண்டுபிடிக்கிறார். (வசதியான முடிவு. எனக்கு.)

முடிவு இரண்டு: பொறாமை பிடித்த அதிகாரி ஒருவர்... (வேண்டாம். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்?)

முடிவு மூன்று: போன வாரம் ஓர் எழுத்தாளன், மண்ணுக்கு வாசனை உண்டா என்று பார்க்க இரண்டு ஜாடிகளையும் திறந்து, முகர்ந்து, தும்மி, அவசரத்தில் மூடிகளை...

எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும்.

5.

அண்ணி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்தத் தாள்களை அவருடைய கடிதத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன். கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன், முடிவை அவரே எழுதட்டும்.

நான் வாசல் கதவருகே, செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வாசகரே, கொஞ்சம் நடுவில் வந்து நில்லுங்கள். அண்ணி படித்துக்கொண்டே நாலாவது பகுதிக்கு வந்துவிட்டார்.